நெய்யூர் முதல் மரபணு ஆய்வு வரை: வாய்ப்புற்றுநோய்ப் பரவல் ஆய்வின் வரலாறு

இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்துள்ள நெய்யூர், முன்பு திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சார்ந்திருந்தது. அங்குள்ள லண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய பென்டால், 1,700 புற்றுநோயாளர் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். அதே மருத்துவமனையைச் சார்ந்த ஐ. எம். ஆர், தாம்பூலப் பழக்கத்திற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1933இல் லான்செட் இதழில் எடுத்துரைத்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றை அடக்கிவைக்கும் கன்னத்தின் உட்புறமே பெரும்பாலும் புற்று தோன்றும் இடமாகவும் உள்ளது. பழக்கம் காரணம் என்பது இவ்வாறு அறியப்பட்டது. ஆயின் அது உயிரணுவினுள் நிகழ்த்தும் மாற்றத்தை அறியும் கருவி அக்காலத்தில் இல்லை.

மும்பை ஆய்வாளர்கள் 1991இல், புகையிலை மெல்லுவோரின் வாய்ப்புற்றுக் கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எச்-ராஸ் மரபணு திரிந்திருப்பதைக் கண்டனர். மேலைநாட்டு நோயாளரிடம் இத்திரிபு அரிது. இதனை இந்தியரின் பரம்பரைக் குறைபாடெனக் கொள்வது பிழை. இது கட்டியின் உயிரணுக்களில் வாழ்நாளில் விளைந்த மாற்றம், மக்களுக்குக் கடத்தப்படுவதன்று. 'மரபணு' என்னும் சொல்லிலேயே 'மரபு' இருப்பதும் இக்குழப்பத்திற்கு ஒரு காரணமாகலாம்.

கட்டி தோன்றுவது ஒன்று, அது கழுத்தின் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது வேறொன்று. உயிரணுக்களைப் பிணைத்து வைக்கும் இ-கேடெரின் புரதம் குறையும்போது அவை பிரிந்து நகர்கின்றன. அப்புரதத்தின் மரபணுவில் எழுத்துப்பிழை ஏதும் இல்லாமலேயே, மீத்தைல் மூலக்கூறுகள் படிந்து அதனை மௌனமாக்கக்கூடும். புறமரபியல் எனப்படுவது இவ்வகை மாற்றமே. புற்றுக் கட்டிகளில் மீத்தைல் ஏற்றம் இயல்பிலிருந்து மாறுபடுவதை ஃபைன்பெர்க், ஃவோகல்ஸ்டைன் ஆகியோர் 1983இல் காட்டினர். இந்திய அறிவியலாளர் 2013இல் வெளியிட்ட ஈறு, கன்னப் புற்றுநோய் ஆய்வில் இவ்விரு ஓடைகளும் ஒன்றுசேர்ந்தன: அங்குத் திரிந்து காணப்பட்டவற்றுள் எம்எல்எல்4, ஏரிட்2 ஆகியவை டிஎன்ஏவின் பொதிவை ஆளும் மரபணுக்கள், அதாவது, மரபணுத் திரிபே புறமரபியல் சீர்குலைவுக்கு வாயிலாகிறது.

மரபணுத் திரிபைத் திருத்துதல் அரிது. மீத்தைல் முத்திரையோ நீக்கத்தக்கது. அதனை நீக்கும் அசாசைட்டிடின், எலும்பு மஜ்ஜைக் குறைபாட்டு நோய்க்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வாய்ப்புற்று போன்ற திண்மக் கட்டிகளில் அத்தகைய பயன் இன்னும் கிட்டவில்லை.