பாய் சுருட்டும் கயிற்றின் வரலாறு

பாய் சுருட்டும் கயிறு என்பது பாய்மரப் படகின் முன்பாயைச் சுருட்ட உதவும் கயிறாகும். பாயின் அடியிலுள்ள உருளையில் இது சுற்றப்பட்டிருக்கும். கயிற்றை இழுத்தால் உருளை சுழன்று, பாய் சுருண்டுகொள்ளும்.

முற்காலத்தில் புயலின்போது முன்பாயை இறக்க, மாலுமிகள் அலையடிக்கும் படகின் முனைக்கே செல்ல வேண்டியிருந்தது. கடலில் விழும் ஆபத்தும் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் உருவான விக்கம்-மார்ட்டின் சுருட்டுக்கருவி இதனைக் குறைத்தது. எனினும் அதில் பாயை முழுமையாக விரிக்கவோ சுருட்டவோ மட்டுமே முடிந்தது. பின்னர் வந்த அலுமினியச் சட்டக் கருவிகளில், காற்றின் வேகத்துக்கேற்பப் பாயைப் பாதியளவு சுருட்டி நிறுத்த முடிந்தது. இதனால் பாதி சுருட்டிய பாய் காற்றில் விரிந்துவிடாமல் இக்கயிறு பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

தொடக்கத்தில் பயன்பட்ட இயற்கை நார்க் கயிறுகள் ஈரத்தில் மட்கின. 1941-இல் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கிய பாலியெஸ்டர் இழை, போருக்குப் பின் அவற்றின் இடத்தைப் பிடித்தது. அது மட்காது, அதிகம் நீளாது. ஆயினும் வெயிலாலும் உராய்வாலும் தேயும்.

பலத்த காற்றில் கயிறு அறுந்தால் சுருட்டிய பாய் முழுவதும் விரிந்து படகையே கவிழ்க்கக்கூடும். எனவே தேய்மானம் தெரிந்தவுடன் கயிறு மாற்றப்படுகிறது. பாயைச் சுருட்டிக் கட்டியபின், பழைய கயிற்றின் நுனியில் புதியதைத் தைத்து, கப்பிகள் வழியே இழுத்து உருளையில் முடிச்சிடுவது வழக்கம்.