பிடியரிசியும் பொயிலரும்

சென்ற பனிக்காலத்தில் இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். சுன்னாகத்தில் என்னோடு ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர். அவருடைய தமிழ்ச் சபை, ஆங்கிலேயரின் பழைய ஆலயம் ஒன்றில் ஞாயிறு பிற்பகல்களில் கூடுகிறது. அந்த ஆலயத்தைச் சூடாக்கும் பொயிலர் திருத்த முடியாதபடி பழுதாகிவிட்டதாம். புதியது பூட்ட நிதி திரட்டிய ஆங்கிலச் சபையார், தமிழரிடமும் பங்கு கேட்டிருக்கிறார்கள்.

தமிழ்ச் சபை இரண்டாகப் பிரிந்துவிட்டது. "வாடகைக்கு இருப்பவர்கள் நாம். வீட்டுக்காரனின் அடுப்புக்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும்? அந்தக் காசை ஊர்க் கோயில் கூரைக்கு அனுப்பலாமே" என்றது ஒரு பக்கம். "குளிரில் நடுங்குவது எங்கள் பிள்ளைகள்தானே" என்றது மறுபக்கம்.

"நீர் பழைய கடதாசி கிண்டுற ஆள். எங்கட ஊரில இப்பிடி ஏதும் நடந்திருக்கோ?" என்று கேட்டார் நண்பர்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 28 பாகையாக இருக்கும் யாழ்ப்பாணத்தில் ஆலயத்தைச் சூடாக்க யார் பணம் சேர்த்திருப்பார்? எங்களூர்க் கவலையெல்லாம் அதைக் குளிர்விப்பது பற்றியதே. கனத்த சுவர், உயர்ந்த கூரை, அகன்ற யன்னல் என்று கட்டினார்கள். பிற்காலத்தில் சுன்னாகம் மின்நிலையத்து மின்சாரத்தில் மின்விசிறிகள் சுழன்றன. ஆனால் சற்று யோசித்தபோது, நண்பரின் கேள்விக்கு எங்கள் வரலாற்றிலேயே ஒரு விடை இருப்பதாகத் தோன்றியது. அது தொடங்கும் இடம் மட்டும் சுன்னாகம் அன்று. பனி கொட்டும் நியூ இங்கிலாந்து.

1815 ஒக்டோபரில் நியூபரிபோட் துறைமுகத்திலிருந்து 'டிரையட்' என்ற கப்பலில் புறப்பட்ட அமெரிக்க மிஷனரிமார் 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தார்கள். பின்னர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பணியைத் தொடங்கினார்கள். அங்கே அவர்கள் கண்டவை போர்த்துக்கேய, ஒல்லாந்தர் காலத்துக் கோயில்களின் கூரையற்ற சுவர்கள். அவற்றுக்குக் கூரை போடுவதே முதல் வேலையாயிற்று. அதற்கான பணம் நியூ இங்கிலாந்துச் சபைகளின் காணிக்கைப் பெட்டிகளிலிருந்து வந்தது.

அந்தக் காணிக்கையைப் போட்ட மக்கள் எப்படிப்பட்ட ஆலயங்களில் அமர்ந்திருந்தார்கள்? பெரும்பாலானவற்றில் அடுப்பே கிடையாது. 1686 ஜனவரியில் ஒரு ஞாயிறன்று நற்கருணை அப்பம் உறைந்துபோய், பிட்டபோது தட்டில் கலகலவென்று விழுந்ததாக பொஸ்ரன் நகரத்து நீதவான் சாமுவேல் சூவல் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்குப் பின்னரும் நாட்டுப்புறங்களில் நிலைமை பெரிதாக மாறவில்லை. தணல் நிரப்பிய சிறு கணப்புப் பெட்டியை வீட்டிலிருந்து கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கான பிரசங்கத்தைக் கேட்டார்கள்.

எங்கள் மிஷனரிமார் இலங்கையில் இறங்கிய அதே 1816இல், கனெக்டிகட் மாநிலத்து லிட்ச்ஃபீல்ட் சபையில் அடுப்பு வைப்பதா வேண்டாமா என்று பெரும் பிணக்கு மூண்டது. லைமன் பீச்சர் போதகராக இருந்த சபை அது. அங்கிருந்த ஒருவர் பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்பின்படி, அடுப்பு வைக்கப்பட்ட முதல் ஞாயிறன்று எதிர்த்தரப்பார் வெப்பம் தாங்கவில்லை என்று முகம் சுளித்தார்கள். ஒரு பெண்மணி மயங்கியே விழுந்தார். பிறகுதான் தெரிந்தது, அன்று வெயில் நாளாகையால் அடுப்பில் நெருப்பே மூட்டப்படவில்லை என்று. அத்தோடு எதிர்ப்பும் அணைந்தது.

சுன்னாகத்தை அடுத்த உடுவிலில் 1824இல் பெண்கள் விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ அம்மையாரும் அதே கனெக்டிகட்டின் நோர்விச் ஊரவரே. தம் ஆலயத்தில் அடுப்பு வேண்டுமா என்று வாதாடிக்கொண்டிருந்த மாநிலத்தார், தாம் ஒருநாளும் காணப்போகாத ஓர் ஊரின் கூரைக்கும் பள்ளிக்கும் கொடுத்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. தொலைவிலிருந்து வரும் பணத்துக்கு ஒரு குறை உண்டு. அது கட்டித் தரும். என்றென்றும் பேணித் தராது. 1855இல் மிஷனின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் யாழ்ப்பாணம் வந்தபோது, உள்ளூர்ச் சபைகள் தம் செலவைத் தாமே தாங்கவேண்டும் என்ற கொள்கை வலுப்பெற்றது. அந்த வருகையின் விளைவாகப் புகழ்பெற்ற வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது பெரும் இழப்பே. எனினும் வேறு வழியின்றி யாழ்ப்பாணத்தார் தம் கையை எண்ணத் தொடங்கினார்கள். 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்ததில் உள்ளூரவரின் முயற்சிக்கும் பெரும் பங்கு உண்டு.

சபைகளைத் தாங்கியது பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுப் பெண் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் இடுவாள். அது சேர்ந்ததும் ஆலயத்துக்குப் போகும். சிலர் ஒரு தென்னையின் பலனை நேர்ந்துவிட்டார்கள். இது கிறிஸ்தவர் புதிதாகக் கண்டுபிடித்ததன்று; சைவர்களும் கோயிலுக்கும் மடத்துக்கும் பாடசாலைக்கும் பிடியரிசி எடுத்தவர்களே. பணக்காரர் ஒருவரின் பெருங்கொடைக்குக் கல்வெட்டு உண்டு. பிடியரிசிக்குக் கல்வெட்டில்லை. ஆனால் ஓடு மாற்றவும் சுண்ணாம்பு பூசவும் விளக்குக்கு எண்ணெய் வார்க்கவும் ஆண்டுதோறும் உதவியது அதுவே.

இன்று இங்கிலாந்துத் திருச்சபையின் பழைய ஆலயங்கள் பலவற்றுக்கு இதுவே சோதனை. உயர்ந்த கூரையின் கீழ்ச் சூடான காற்று மேலேறிவிடும். கீழே இருப்பவர் நடுங்குவர். எரிபொருட் செலவோ ஏறும். போதாததற்கு, 2030ஆம் ஆண்டளவில் நிகரக் காபன் வெளியேற்றத்தைப் பூச்சியமாக்குவதென்று அத்திருச்சபையின் பொதுப் பேரவை 2020இல் தீர்மானித்தது. ஆகவே சில ஆலயங்கள் கட்டடம் முழுவதையும் சூடாக்குவதை விட்டு, ஆசனங்களின் அடியில் மின்சூடாக்கி பொருத்துகின்றன. கட்டடத்தையன்று, அமர்ந்திருப்பவரைச் சூடாக்கும் யோசனை. நியூ இங்கிலாந்துக் கிழவியின் காலடிக் கணப்புப் பெட்டி மின்சாரத்தில் திரும்பி வந்திருக்கிறது!

நண்பருக்கு இவற்றையெல்லாம் சொன்னேன். ஊர்க் கூரைக்கு அனுப்பவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. லிட்ச்ஃபீல்ட்டார் அனுப்பியிராவிட்டால் எங்கள் கூரைகள் ஏது? ஆனால் நாம் அமர்ந்து மன்றாடும் கூரையின் கீழ் நாம் விருந்தாளிகளா, வீட்டாரா என்பதை உறுதிப் பத்திரம் தீர்மானிப்பதில்லை. பேணுகிறவனே வீட்டான்.

பங்குனியில் மீண்டும் அழைத்தார். குடும்பத்துக்கு மாதம் 5 பவுண் என்று ஒப்புக்கொண்டார்களாம். பொயிலர் பணத்தில் அது சிறு துளிதான். பட்டியலுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிடியரிசி" என்றார்.