பாலினச் சிறுபான்மையினர் நல அமைப்புகளுக்கான அரசு நிதியுதவித் தகுதி (தமிழ்நாடு)

பாலினச் சிறுபான்மையினர் நல அமைப்புகளுக்கான அரசு நிதியுதவித் தகுதி என்பது, நங்கை (பெண்ணை விழையும் பெண்), நம்பி (ஆணை விழையும் ஆண்), ஈரர் (இருபாலரையும் விழைவோர்), திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) ஆகியோருக்காகப் பணியாற்றும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று நடுவண் அரசிடமிருந்தோ மாநில அரசிடமிருந்தோ நிதி பெறுவதற்கு நிறைவு செய்ய வேண்டிய நிபந்தனைகளைக் குறிக்கும். இந்நிபந்தனைகள் ஒரே சட்டத்தில் தொகுக்கப்பட்டவை அல்ல. அமைப்பின் பதிவைப் பற்றிய சட்டங்கள், அரசுப் பணத்தைக் கையாளும் நிதி விதிகள், குறிப்பிட்ட திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் என வெவ்வேறு இடங்களில் அவை சிதறிக் கிடக்கின்றன. நிதி விதிகளில் பாலினச் சிறுபான்மையினர் அமைப்பு என்று தனி வகை ஏதுமில்லை. ஆகவே இத்தகைய அமைப்பு பணம் பெறுவதும் பெறாததும், அது யாருக்காகப் பணியாற்றுகிறதோ அவர்களின் பெயரில் அரசுத் திட்டம் ஒன்று உள்ளதா என்பதையே பெரிதும் சார்ந்துள்ளது. நடைமுறையில் எச்.ஐ.வி. தடுப்பு, திருநர் நலம் ஆகிய இரு வழிகளிலேயே நிதி வந்துள்ளது.

வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாக 1986 ஆம் ஆண்டு சென்னையில், மருத்துவர் சுனிதி சாலமனின் குழுவினரால் கண்டறியப்பட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 1992 இல் தொடங்கியது. 1994 இல் தமிழ்நாடு அரசு இப்பணிக்கென மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தைப் பதிவு செய்யப்பட்ட சங்கமாக நிறுவியது. இந்தியாவில் இவ்வகையில் முதலாவதாக அமைந்த இதனைப் பிற மாநிலங்களும் பின்பற்றின. அரசுத் துறை ஒன்று நேரடியாகச் செல்லத் தயங்கும் இடங்களுக்குத் தொண்டு நிறுவனங்கள் வழியே பணத்தையும் பணியையும் கொண்டுசெல்ல இவ்வமைப்பு முறை உதவியது. ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்களுக்காகச் சென்னையில் 1998 இல் தொடங்கப்பட்ட சகோதரன் போன்ற அமைப்புகள் உருவான சூழல் இதுவே.

இதிலிருந்த முரண்பாடு சிறிதன்று. அரசின் ஒரு துறை நிதி வழங்கிய பணி, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவின்படி மற்றொரு துறையின் கண்களுக்குக் குற்றத்துக்கு உடந்தையாகத் தோன்றக்கூடியதாக இருந்தது. 2001 சூலையில் இலக்னோ நகரில் எச்.ஐ.வி. விழிப்புணர்வுப் பணியில் ஈடுபட்டிருந்த பரோசா அறக்கட்டளை, நாசு அறக்கட்டளை பன்னாட்டமைப்பு ஆகியவற்றின் அலுவலகங்களைக் காவல்துறை சோதனையிட்டுப் பணியாளர் நால்வரைக் கைது செய்தது. அவர்கள் 47 நாட்கள் சிறையில் இருந்தனர். தில்லி உயர்நீதிமன்றத்தில் நடைபெற்ற 377 ஆம் பிரிவு வழக்கில் இம்முரண் வெளிப்படையாகவே தெரிந்தது. உள்துறை அமைச்சகம் அப்பிரிவை ஆதரித்து நிற்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு 2006 இல் தாக்கல் செய்த உறுதிமொழி ஆவணத்தில் அப்பிரிவு தடுப்புப் பணிக்கு இடையூறாக உள்ளது என்றது. ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்கள் ஏறத்தாழ 25 இலட்சம் பேர் என்றும், அவர்களிடையே தொற்று 8 விழுக்காடு என்றும் அவ்வாவணம் மதிப்பிட்டது. 2009 இல் தில்லி உயர்நீதிமன்றம் அப்பிரிவின் வரம்பைச் சுருக்கியது. 2013 இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று வயதுவந்தோரின் இசைவான உறவு குற்றமன்று என உச்சநீதிமன்றமே தீர்ப்பளித்தது. இவ்விடைக்காலம் முழுவதும் எச்.ஐ.வி. திட்ட நிதி வந்துகொண்டுதான் இருந்தது.

அமைப்பின் பதிவு

தனிநபர்களின் கூட்டம், எவ்வளவு நற்பணி ஆற்றினாலும், அரசு நிதி பெற இயலாது. தமிழ்நாட்டில் 1975 ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகவோ, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த ஆவணத்தின் வழி அறக்கட்டளையாகவோ, 2013 ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 8 ஆம் பிரிவின்கீழ் இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு செய்துகொள்ளலாம். சங்கத்திற்குக் குறைந்தது எழுவர் தேவை.

பிற தொண்டு நிறுவனங்களுக்கு எளிதான இப்படி, திருநர் தாமே நடத்தும் அமைப்புகளுக்குக் கடினமானது. பொறுப்பாளர்களின் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வருமான வரி நிரந்தரக் கணக்கு எண் ஆகியன ஒரே பெயரில் இருத்தல் வேண்டும். இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறிய திருநங்கை ஒருவருக்குப் பள்ளிச் சான்றிதழ் பழைய பெயரில் இருக்கும், அல்லது பெற்றோர் வீட்டிலேயே தங்கிவிட்டிருக்கும். குடும்ப அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருக்கும். வாடகை ஒப்பந்தம் எழுதித்தர வீட்டு உரிமையாளர் முன்வரமாட்டார். வங்கியில் கணக்குத் தொடங்குவது வரை இச்சிக்கல் தொடரும். தமிழ்நாடு அரவாணிகள் நல வாரியத்தின் அடையாள அட்டையும், 2019 ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்தபின் மாவட்ட ஆட்சியர் வழங்கிய சான்றிதழும் இதனை ஓரளவு தளர்த்தின.

நங்கையரும் நம்பியரும் எதிர்கொள்ளும் இடர் வேறு. பதிவு ஆவணங்களை எவரும் நகல் எடுத்துப் பார்க்கலாம் என்பதால், குடும்பத்தாருக்குத் தம் நிலையை அறிவிக்காதோர் பொறுப்பாளராகக் கையொப்பமிட அஞ்சுவர். இவ்வகைக் குழுக்கள் பல பதிவு செய்யாமலே தன்னார்வக் குழுக்களாக இயங்குவதற்கு இஃது ஒரு காரணம்.

நிதி விதிகள்

நடுவண் அரசின் நிதியுதவிக்கு 2017 ஆம் ஆண்டின் பொது நிதி விதிகள் பொருந்தும். விண்ணப்பத்துடன் அமைப்பின் துணைவிதிகள், தணிக்கை செய்யப்பட்ட கணக்குகள், வரவு செலவின் மூலங்கள் ஆகியன தரப்படல் வேண்டும். அதே பணிக்கு வேறு அமைச்சகத்திடமோ மாநில அரசிடமோ உதவி பெறவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை என்று சான்றளித்தல் வேண்டும். நிதியில் வாங்கிய சொத்தை அரசின் முன் இசைவின்றி விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. நிதியாண்டு முடிந்த பன்னிரண்டு மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் அளிக்கப்படல் வேண்டும். இதைத் தவறவிட்ட அமைப்புகளுக்கு அடுத்த தவணை நிற்பது வழக்கம். இவற்றோடு நிதி ஆயோக்கின் தர்ப்பண் இணையதளத்தில் பெறும் தனி எண்ணும், வருமான வரித்துறையில் அறப்பணி அமைப்பாகப் பதிவும் கேட்கப்படுகின்றன.

இவ்விதிகளில் எதுவும் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ குறிப்பிடுவதில்லை. எனினும் பல ஆண்டுத் தணிக்கை அறிக்கை கேட்கப்படும்போது, புதிதாகத் தொடங்கிய சிறு அமைப்பு தானாகவே பின்தங்குகிறது. பட்டயக் கணக்காளருக்குக் கொடுக்கும் கட்டணமே அதன் ஆண்டுச் செலவில் பெரும்பகுதியாகிவிடுவதும் உண்டு.

எச்.ஐ.வி. தடுப்புத் திட்டங்கள்

பாலியல் தொழிலாளர், ஆண்களுடன் பாலுறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசிவழிப் போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஆகியோருக்கான இலக்குத் திட்டங்களை மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்கள் தொண்டு நிறுவனங்களுடன் ஒப்பந்தம் செய்து நடத்தின. 2007 இல் தொடங்கிய மூன்றாம் கட்டம், அப்பணியைச் சமுதாயம் சார்ந்த அமைப்புகளிடமே, அதாவது உறுப்பினரும் தலைவரும் அதே மக்களாக உள்ள அமைப்புகளிடமே, ஒப்படைக்க முனைந்தது. தகுதி வரலாற்றில் இது முக்கியமான மாற்றம். அதுவரை தடையாகக் கருதப்பட்ட அடையாளம் இங்குத் தகுதியாயிற்று.

ஆயினும் நிதி எதற்கு என்பது கண்டிப்பாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஓர் அமைப்பு எத்தனை பேரை அணுகுகிறதோ அவ்வெண்ணிக்கையைக் கொண்டே தொகை கணக்கிடப்பட்டது. ஆணுறை வழங்கல், பால்வினை நோய்ச் சிகிச்சை, பரிசோதனைக்கு அழைத்துச் செல்லல், சக கல்வியாளர் ஊதியம் ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. வீட்டிலிருந்து துரத்தப்பட்டவருக்குத் தங்குமிடம், சட்ட உதவி, கட்டாயத் திருமணத்திலிருந்து தப்பிவந்த பெண்ணுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இத்திட்டத்தில் தலைப்பு இல்லை. நங்கையர் எச்.ஐ.வி. திட்டத்தின் இலக்கு மக்களாகக் கருதப்படாததால், அவர்களுக்கான அமைப்புகள் இவ்வழியில் நிதி பெற வாய்ப்பே ஏற்படவில்லை.

திருநர் நலத் திட்டங்கள்

2008 ஏப்ரல் 15 அன்று தமிழ்நாடு அரசு, சமூக நலத்துறையின்கீழ் அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. இந்தியாவில் இத்தகைய வாரியம் அமைந்தது இதுவே முதன்முறை. பின்னர் இது திருநங்கைகள் நல வாரியம் எனவும் வழங்கப்பட்டது. வாரியத்தின் உதவிகள் பெரும்பாலும் தனிநபர்களுக்கே செல்வன: அடையாள அட்டை, சுயதொழிலுக்கு 50,000 ரூபாய் வரையான மானியம், நாற்பது வயது கடந்த ஆதரவற்றோருக்கு மாத ஓய்வூதியம். ஆகவே வாரியம் இருப்பதனால் அமைப்புகளுக்கு ஆண்டுதோறும் நிதி கிடைக்கிறது என்று கருதுவது பொருந்தாது. அரவாணி, திருநங்கை ஆகிய இரு சொற்களுமே திருநம்பியரைக் குறிப்பன அல்ல என்பதும் நோக்கத்தக்கது.

2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் தேசியச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பின் நடுவண் சமூகநீதி அமைச்சகமும் இத்துறையில் இறங்கியது. அமைப்புகளுக்கு நேரடியாகப் பணம் தந்த அதன் திட்டம் கரிமா கிருகம் (கண்ணிய இல்லம்) எனப்படும் தங்கும் இல்லங்கள் ஆகும். முதல் இல்லம் 2020 நவம்பர் 25 அன்று குசராத்தின் வடோதராவில் திறக்கப்பட்டது. அதனை இலட்சியா அறக்கட்டளை நடத்தியது. முன்னோடி முயற்சியாகத் தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 12 இல்லங்கள் சமுதாயம் சார்ந்த அமைப்புகளிடம் அளிக்கப்பட்டன. ஓர் இல்லத்தில் குறைந்தது 25 பேர் தங்க வசதி வேண்டும். 2022 பிப்ரவரியில் தொடங்கிய ஸ்மைல் திட்டத்தின்கீழ் இவை கொண்டுவரப்பட்டன. 2021-22 முதல் 2025-26 வரை அத்திட்டத்திற்கு 365 கோடி ரூபாய் ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. இதில் இரவலர் மறுவாழ்வும் அடங்கும். தவணைகள் மாதக்கணக்கில் தாமதமானதால் வாடகையும் உணவுச் செலவும் தர இயலவில்லை என இல்லங்கள் சில முறையிட்டதாக 2023 இல் செய்திகள் வெளிவந்தன. தகுதி பெற்ற அமைப்பும் கையிருப்பு இன்றி அரசு இல்லம் ஒன்றை நடத்துவது எளிதன்று என்பதை இது காட்டியது.

தமிழ்நாடு அரசு 2025 இல் சென்னையிலும் மதுரையிலும் அரண் என்னும் பெயரில் திருநர் இல்லங்களைத் தொடங்கியது. அதே ஆண்டு சூலை 31 அன்று திருநருக்கான மாநிலக் கொள்கையும் வெளியிடப்பட்டது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணை

மதுரையிலிருந்து சென்னைக்குத் தப்பிவந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கோரிய வழக்கில், 2021 சூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான ஆணை பிறப்பித்தார். பாலினச் சிறுபான்மையினரின் சிக்கல்களைக் கையாளும் பட்டறிவு உள்ள தொண்டு நிறுவனங்களைச் சமூகநீதி அமைச்சகம் கண்டறிந்து, அவற்றின் முகவரி, தொடர்பு விவரம், சேவைகள் ஆகியவற்றைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது அதில் ஒன்று. நிதி பற்றி அவ்வாணை பேசவில்லை. எனினும் திருநர் என்ற வரம்புக்குள் அடங்காத அமைப்புகளையும் அரசு ஏட்டில் இடம்பெறச் செய்ய முனைந்த வகையில் அது தனித்தன்மை வாய்ந்தது. 2022 இல் தமிழ்நாடு காவல்துறையினரின் நடத்தை விதிகள் திருத்தப்பட்டு, பாலினச் சிறுபான்மையினரை மட்டுமன்றி அவர்களின் நலனுக்காகப் பணியாற்றுவோரையும் துன்புறுத்தலாகாது என்று சேர்க்கப்பட்டது. இலக்னோ நிகழ்வை நினைவிற் கொண்டால் இத்திருத்தத்தின் பொருள் விளங்கும்.

சிற்றூர்களில் நிலை

மேற்கூறிய நிபந்தனைகள் பெருநகர அமைப்புகளை மனத்திற் கொண்டவை. விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்திலுள்ள கூமாப்பட்டி போன்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். அங்கு ஒரு குழு அமைப்பாகப் பதிவு பெறுவது இயலும். ஆனால் தலை எண்ணிக்கை அடிப்படையிலான இலக்குத் திட்டத்திற்கு வேண்டிய ஆள்தொகை ஓர் ஊரிலோ அண்டை ஊர்களிலோ கிடைப்பது அரிது. 25 பேர் தங்கும் இல்லமும் அவ்வாறே. ஊரகப் பகுதிகளுக்கென உருவாக்கப்பட்ட இணைப்புப் பணியாளர் திட்டம் மாவட்ட அளவில் ஒரு தொண்டு நிறுவனத்திடம் தரப்பட்டதால், ஊர்க் குழுக்களின் உறுப்பினர்கள் அதில் பணியாளராகலாமேயன்றி அமைப்பாக நிதி பெறுவதில்லை. எனவே இப்பகுதியிலிருந்து உதவி நாடுவோர் தனிநபராக மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கு விண்ணப்பிப்பதும், தங்குமிடத்திற்கு மதுரைக்குச் செல்வதும் நடைமுறையில் எஞ்சும் வழிகளாகும்.

வெளிநாட்டு நிதியும் பிற நாடுகளும்

அரசு நிதி கிட்டாத அமைப்புகள் நெடுங்காலம் வெளிநாட்டு நிதியை நம்பியிருந்தன. இதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு தேவை. அமைப்பு தொடங்கி மூன்றாண்டுகள் ஆகியிருப்பதோடு, அம்மூன்றாண்டுகளில் 15 இலட்சம் ரூபாயேனும் செலவிட்டிருத்தல் வேண்டும் என 2020 இல் விதி வகுக்கப்பட்டது. அதே ஆண்டுச் சட்டத் திருத்தம், இவ்வாறு பெற்ற பணத்தை வேறொரு அமைப்புக்கு மாற்றித் தருவதையும் தடை செய்தது. பெரிய நிறுவனங்களிடமிருந்து சிறு தொகைகளைப் பெற்று இயங்கிய ஊர்க் குழுக்களுக்கு அவ்வழி அத்துடன் அடைபட்டது.

சில நாடுகளில் சிக்கல் பதிவிலேயே தொடங்குகிறது. போட்சுவானாவில் பதிவு மறுக்கப்பட்ட இலெகாபிபோ என்னும் அமைப்புக்கு ஆதரவாக அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 இல் தீர்ப்பளித்தது. கென்யாவின் உச்சநீதிமன்றம் 2023 பிப்ரவரியில், இத்தகைய அமைப்பைப் பதிய மறுப்பது பாகுபாடு என்று பெரும்பான்மைத் தீர்ப்பில் கூறியது. ஐக்கிய அமெரிக்க அரசு 2025 சனவரியில் தன் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தபோது அதன் விளைவு இந்தியாவிலும் உணரப்பட்டது. அந்நிதியில் 2021 முதல் இயங்கிய ஐதராபாத் மித்ர் திருநர் மருத்துவ நிலையமும், கல்யாண், புனே ஆகிய ஊர்களில் இருந்த அதன் கிளைகளும் மூடப்பட்டன. ஐதராபாத் நிலையம் பின்னர் இந்தியத் தனியார் அறக்கட்டளை ஒன்றின் நிதியுடன் வேறு பெயரில் மீண்டும் திறக்கப்பட்டது.