மதிலுக்குள் ஒரு மருத்துவக் கல்லூரி
அத்தியாயம் 6: பேன் வாங்கித் தந்த அனுமதி

போலந்தின் பல்கலைக்கழகங்களை எல்லாம் இழுத்து மூடிய ஜெர்மன் அதிகாரிகள், யூதர்களை மதிலுக்குள் அடைத்த வார்சா கெட்டோவில் இந்தப் படிப்புக்கு ஏன் கையெழுத்துப் போட்டார்கள்? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம்.

பேனுக்குப் பயந்துதான் போட்டார்கள்.

1940 நவம்பரில் கெட்டோவை அடைத்தார்கள். சில மாதங்களுக்குள் 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே நெருக்கியடிக்கப்பட்டார்கள். ஓர் அறையில் ஏழெட்டுப் பேர். சோப்புக்கும் கரிக்கும் பஞ்சம். உடையில் பேன் பெருகியது. பேன் சுமந்த டைஃபஸ் காய்ச்சல் வீடு வீடாக நுழைந்தது. இந்தக் காய்ச்சல் மதிலைத் தாண்டித் தங்கள் படைவீரர்களையும் தொற்றிவிடுமோ என்று அதிகாரிகள் நடுங்கினார்கள். அந்த நடுக்கத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் திசுவியல் அறிஞர் யூலியுஷ் ஸ்வைபாம். தொற்றுநோய்த் தடுப்புப் பயிற்சி நடத்த வேண்டும் என்று அனுமதி கேட்டார். கிடைத்தது.

தாளில் இருந்தது பயிற்சி. 1941 மே மாதம் முதல் லெஷ்னோ தெருவில் மாலைதோறும் நடந்தது மருத்துவப் படிப்பு! உடற்கூறு, வேதியியல், திசுவியல், பாக்டீரியாவியல் என்று வார்சா பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டத்தையே எடுத்து நடத்தினார்கள். ஏறக்குறைய 500 பேர் படித்தார்கள். காலையில் பிணங்கள் கிடந்த நடைபாதையைக் கடந்து, அரை வயிற்றோடு வந்து உட்கார்ந்து, எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்த பிள்ளைகள் அவர்கள். நாளை என்ற ஒன்று உண்டா என்றே தெரியாத ஊரில், ஐந்தாறு ஆண்டுப் படிப்பின் முதல் பாடத்தை எழுதிக்கொண்டார்கள். வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான வகுப்பறை ஒன்றை நான் அறியேன்.

பாக்டீரியாவியல் சொல்லிக்கொடுத்தவர் யார் தெரியுமா? லுட்விக் ஹிர்ஷ்ஃபெல்ட். இரத்தப் பிரிவு பெற்றோர் வழியாகப் பிள்ளைக்கு வருகிறது என்று 1910-இல் எமில் ஃபான் டுங்கெர்னுடன் சேர்ந்து நிறுவியவர். ஏ, பி, ஓ என்று இன்று நம் இரத்த வங்கிகளில் எழுதுகிறார்களே, அந்தப் பெயர்முறையும் அவர்கள் தந்ததே. அவர் கத்தோலிக்கராக மாறியிருந்தார். 'இரத்தம் யூத இரத்தம்தானே' என்று உள்ளே தள்ளினார்கள், இரத்தத்தைப் பற்றி அவரைவிடக் குறைவாக அறிந்தவர்கள்.

ஓராண்டு ஓடியது. முதல் தொகுதியினர் இரண்டாம் ஆண்டுப் பாடங்களில் இருந்தார்கள்.

1942 ஜூலை 22. கெட்டோச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'கிழக்கே குடியேற்றம்.' நாளொன்றுக்கு 6,000 பேரை ரயிலடியில் ஒப்படைக்க வேண்டும். ரயில்கள் போய்ச் சேர்ந்த இடம் திரெப்ளிங்கா கொலைமுகாம்.

அறிவிப்பின் கீழே விலக்குப் பெற்றவர்களின் பட்டியலும் இருந்தது. யூத மருத்துவமனை ஊழியர்கள் போக வேண்டாம். கிருமி ஒழிப்புக் குழுவினர் போக வேண்டாம். மாணவர்கள் என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

அதிகாரிகளை ஏமாற்றச் சூட்டிய பெயர் 'தொற்றுநோய்த் தடுப்பு.' ரயில்பெட்டியின் கதவருகே அந்தப் பெயர் செல்லுபடியாகுமா?

(தொடரும்)