தூக்க மாத்திரைச் சார்பு

தூக்க மாத்திரைச் சார்பு என்பது, தூக்கத்துக்காகவோ பதற்றத்தைத் தணிப்பதற்காகவோ உட்கொள்ளப்படும் மாத்திரைக்கு மூளை பழகிப்போய், அது இல்லாமல் இயல்பாக இயங்க இயலாத நிலை ஆகும். மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவை மீறாமல் உட்கொள்பவரிடமும் இந்நிலை ஏற்படலாம். மாத்திரையைத் திடீரென நிறுத்தும்போது தோன்றும் உடல், மன மாற்றங்கள் விலகல் அறிகுறிகள் எனப்படுகின்றன. அவற்றுள் சில உயிருக்கு ஆபத்தானவை. எனவே இம்மாத்திரைகளை ஒரே நாளில் நிறுத்தாமல், மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பதே ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையாகும்.

மருந்து வகைகள்

தூக்க மாத்திரைகளுள் பெரும்பாலானவை பென்சோடையசெப்பைன் வகையைச் சேர்ந்தவை. அல்பிரசோலம், டையசெப்பாம், லோரசெப்பாம், குளோனசெப்பாம், நைட்ரசெப்பாம் ஆகியன இவ்வகையின. சோல்பிடம் வேதியமைப்பில் வேறுபட்டது எனினும், மூளையில் ஏறக்குறைய அதே முறையில் செயற்படுகிறது.

வரலாறு

1903 ஆம் ஆண்டு பார்பிட்டால் அறிமுகமானதைத் தொடர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பார்பிட்டியூரேட்டு மருந்துகளே தூக்கத்துக்குப் பயன்பட்டன. அளவு சற்று மிகுந்தாலும் மூச்சு நின்றுவிடும் என்பது அவற்றின் பெருங்குறை. லியோ இசுட்டேர்ன்பாக்கு 1955 இல் உருவாக்கிய குளோர்டையசெப்பாக்சைடு, 1960 இல் 'லிப்ரியம்' என்னும் பெயரில் விற்பனைக்கு வந்தது. 1963 இல் டையசெப்பாம் 'வேலியம்' என்னும் பெயரில் வெளிவந்தது. இவை பாதுகாப்பானவை எனக் கருதப்பட்டு உலகெங்கும் பரவலாகப் பயன்படுத்தப்பட்டன.

ஆயினும் 1961 இலேயே எச்சரிக்கை கிடைத்திருந்தது. ஒலிசுட்டர் குழுவினர், பல மாதங்கள் உயர்ந்த அளவில் குளோர்டையசெப்பாக்சைடு பெற்றுவந்த 11 நோயாளிகளுக்கு அதனைத் திடீரென நிறுத்தினர். அவர்களுள் 10 பேரிடம் புதிய அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு ஏற்பட்டது. வழக்கமான அளவிலும் சார்பு உண்டாகும் என்பது பின்னர் தெளிவானது. 1988 இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு, இம்மருந்துகளை 2 முதல் 4 வாரங்களுக்கு மட்டுமே தரவேண்டும் என அறிவுறுத்தியது.

செயற்பாடு

காமா அமினோ பியூட்டிரிக் அமிலம் மூளையின் கிளர்ச்சியை அடக்கும் முதன்மையான நரம்புக் கடத்தி ஆகும். பென்சோடையசெப்பைன் மருந்துகள் இதன் ஏற்பிகளில் இணைந்து அதன் அடக்கும் ஆற்றலைப் பெருக்குகின்றன. இதனால் பதற்றம் தணிந்து தூக்கம் வருகிறது.

மருந்து வாரக்கணக்கில் தொடரும்போது, மூளை அதனை ஈடுசெய்யும் வகையில் தன்னை மாற்றிக்கொள்கிறது. முன்பு போதுமாயிருந்த அளவு பின்னர் போதாமற் போகிறது. இந்நிலையில் மருந்தை நீக்கினால் அடக்கும் ஆற்றல் குறைந்து கிளர்ச்சி மேலோங்குகிறது. விலகல் அறிகுறிகளுக்கு இதுவே காரணம். ஆகவே அவை மனவலிமைக் குறைவால் வருவன அல்ல.

விலகல் அறிகுறிகள்

* தூக்கமின்மை, கெட்ட கனவுகள்
* பதற்றம், எரிச்சல், நெஞ்சு படபடப்பு
* கைநடுக்கம், வியர்வை, தசை இறுக்கம்
* ஒளி, ஒலி ஆகியவற்றைப் பொறுக்க இயலாமை
* கடுமையான நிலையில் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாததைக் காணுதல்

வலிப்போ மனக்குழப்பமோ ஏற்பட்டவரை உடனடியாக மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். உடலிலிருந்து விரைவில் வெளியேறும் அல்பிரசோலம் போன்றவற்றில் அறிகுறிகள் ஓரிரு நாட்களில் தொடங்கும். டையசெப்பாம் போன்று நெடுநேரம் தங்குபவற்றில் ஒரு வாரம்வரை தாமதமாகலாம். அதனால் முதல் சில நாட்கள் நலமாக இருப்பதைக் கொண்டு ஆபத்து நீங்கிவிட்டதாகக் கருதலாகாது.

நிறுத்தியவுடன் தூக்கமின்மை முன்னைவிட மிகுவது பொதுவான விளைவு. இதனைப் பழைய நோய் திரும்பியதாகவும், மாத்திரை வாழ்நாள் முழுவதும் தேவை எனவும் பலர் பிழையாகக் கருதி மீண்டும் தொடங்கிவிடுகின்றனர்.

படிப்படியாகக் குறைத்தல்

இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை பென்சோடையசெப்பைன் விலகல் சிகிச்சையகத்தை நடத்திய பேராசிரியர் எதர் ஆசுட்டன் இம்முறையைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர். அவரது கையேடு 1999 இல் முதன்முதலில் வெளிவந்தது. தேவையானோருக்குக் குறுகிய நேரம் செயற்படும் மருந்துக்கு மாற்றாக அதற்கு ஈடான டையசெப்பாமைத் தந்து, பின்னர் அதனைச் சிறிது சிறிதாகக் குறைப்பது அவர் கையாண்ட வழியாகும்.

அமெரிக்காவில் 2025 இல் வெளியான கூட்டு மருத்துவ வழிகாட்டுதலின்படி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை, அப்போதைய அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பதிலிருந்து தொடங்கலாம். 2 வாரங்களில் 25 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கலாகாது. எடுத்துக்காட்டாக, நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் டையசெப்பாம் உட்கொள்பவருக்கு 10 விழுக்காடு குறைத்தால் அடுத்த அளவு 9 மில்லிகிராம் ஆகும். முழுவதும் நிறுத்தப் பல மாதங்கள் ஆகலாம். அறிகுறிகள் கடுமையானால் அதே அளவில் சிலகாலம் நிறுத்திவைப்பர். அளவையும் வேகத்தையும் முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவரே. வலிப்பு நோயாளர், கருவுற்ற பெண்கள், மது அருந்துவோர், முதியோர் ஆகியோருக்குத் தனிக் கவனம் தேவை. மாத்திரைக்குப் பதிலாக மதுவை நாடுவது மிகவும் ஆபத்தானது.

இத்துடன், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பயன்படுகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், தூக்கம் வரும்போது மட்டும் படுத்தல், பகல் தூக்கத்தைக் குறைத்தல் ஆகியன இதன் கூறுகள்.

முதியோர்

முதியோரின் உடலில் இம்மருந்துகள் நெடுநேரம் தங்குகின்றன. இரவில் சிறுநீர் கழிக்க எழும்போது தடுமாறி விழுதல், இடுப்பெலும்பு முறிவு, மறதி ஆகியவற்றுக்கான வாய்ப்பு மிகுகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் முதியோரிடம் நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வில், மாத்திரையின் தீங்கையும் குறைக்கும் வழியையும் விளக்கும் கையேடு பெற்றவர்களுள் 27 விழுக்காட்டினர் 6 மாதங்களில் மாத்திரையை முற்றிலும் நிறுத்தியிருந்தனர். கையேடு பெறாதோரிடம் இது 5 விழுக்காடாக இருந்தது.

இந்தியாவில்

அல்பிரசோலம், டையசெப்பாம், நைட்ரசெப்பாம், சோல்பிடம் ஆகியன 2013 இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச்சு 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் உள்ளன. இவற்றை மருந்துச் சீட்டின்றி விற்கலாகாது. மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களை மருந்துக்கடையினர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

திடீர் நிறுத்தத்தின் விளைவு 2015 இல் தெலங்காணாவில் பெருமளவில் காணப்பட்டது. அல்பிரசோலம், டையசெப்பாம் முதலியன கலந்த கள்ளுக்கு எதிராக அரசு நடவடிக்கை எடுத்தபோது, அதற்குப் பழகியிருந்த பலர் வலிப்பு, மனக்குழப்பம் போன்றவற்றுடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். தாம் அருந்தியதில் மருந்து கலந்திருந்ததை அறியாதோரும் இவ்வாறு சார்புக்கு உள்ளாகலாம்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை பெறலாம். ஆனால் மாதக்கணக்கில் நீளும் இச்சிகிச்சைக்குச் சிற்றூர் மக்கள் பலமுறை பயணம் செய்ய வேண்டியுள்ளது. எடுத்துக்காட்டாக, இளையரசனேந்தல் வட்டாரத்தினருக்கு இத்தகைய மருத்துவமனைகள் தூத்துக்குடி, திருநெல்வேலி போன்ற நகரங்களிலேயே உள்ளன. பயணத்துக்கு அஞ்சிப் பழைய சீட்டைக் காட்டி மாத்திரையைத் தொடர்வதும், கிடைக்காதபோது திடீரென நிறுத்துவதும் ஒருங்கே தீங்கானவை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் தெரிவித்து, மனநல மருத்துவரின் ஆலோசனையுடன் குறைப்பது இயலக்கூடிய வழியாகும். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானசு' தொலைபேசிச் சேவையின் 14416 என்னும் எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். தமிழ்நாட்டில் இது 'நட்புடன் உங்களோடு' என்னும் பெயரில் தொடங்கப்பட்டது.

இவற்றையும் பார்க்க

* தூக்கமின்மை
* பென்சோடையசெப்பைன்
* நரம்புக் கடத்தி
* வலிப்பு