குருவிகளின் கைப்பை

வடசென்னையில் மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே, கொசஸ்தலை ஆற்றை ஒட்டிக் கிடக்கிறது சடையங்குப்பம். ஒரு பக்கம் உரத் தொழிற்சாலைகளும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், மறுபக்கம் கழிமுகத்தை நோக்கிப் போகும் நீர். அங்கே ஒரு பகுதிக்குப் பர்மா நகர் என்று பெயர். முதல் முறை அப்பெயர்ப் பலகையைக் கண்டபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நகரின் தென்கோடி மீனம்பாக்கத்தில் வானூர்தி ஏறுகிறவர்கள் ‘கையில் ஒரே ஒரு பையோடு போய்வருவது எப்படி’ என்று இன்று விவாதிக்கிறார்கள். அந்தக் கலையின் தமிழ் வரலாறு வடகோடியில் இப்படியொரு பெயர்ப்பலகைக்குப் பின்னால் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

பர்மாத் தமிழர் இருமுறை மூட்டை கட்டினார்கள். முதல் முறை, 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூனில் குண்டு வீசிய பிறகு. அரக்கான் வழியாகவும் மணிப்பூர் எல்லை வழியாகவும் இலட்சக்கணக்கான இந்தியர் நடந்தே வந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். இரங்கூனில் ‘ஜோதி’ இதழை நடத்திய வெ. சாமிநாத சர்மாவும் அப்படி நடந்து வந்தவர்களில் ஒருவர். அவருடைய ‘பர்மா வழிநடைப் பயணம்’ தமிழில் எழுதப்பட்ட பயண நூல்களிலேயே தனியானது; எதைக் காணலாம் என்பதற்காக அல்ல, எதை விட்டுவிட்டு வரலாம் என்பதற்காக அதைப் படிக்கவேண்டும் என்று நாங்கள் நினைப்பதுண்டு. வடபர்மாவிலிருந்து சிறிய விமானங்களும் அப்போது மக்களை ஏற்றிவந்தன. ஆனால் அவற்றில் இடம் கிடைத்தவர் மிகச் சிலரே.

இரண்டாம் முறை நடந்தது போரினால் அல்ல, சட்டத்தினால். 1962 மார்ச்சில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமை ஆயின. அதே ஆண்டு மே 17-ஆம் நாள் ஐம்பது, நூறு கியாத் தாள்கள் செல்லாதவை என அறிவிக்கப்பட்டன. பெட்டியில் வைத்திருந்த பணம் ஒரே பகலில் காகிதமானது. கப்பலேறியவர்கள் பணமும் நகையும் எடுத்துவரக் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்களுக்குத் தமிழக அரசு ஆங்காங்கே குடியிருப்புகள் அமைத்தது. கடற்கரைச் சாலையோரம், இன்றைய இராஜாஜி சாலையில், 1969-இல் கடை வைக்க இடம் தந்தது. அதுதான் பர்மா பஜார். (திரும்பவும் பர்மாவுக்கே நடந்து போய்விட முனைந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டவர்களும் உண்டு. அது தனிக் கதை.)

கடை கிடைத்துவிட்டது, விற்பதற்குச் சரக்கு வேண்டுமே. இறக்குமதி இறுகக் கட்டப்பட்டிருந்த காலம் அது. வெளிநாட்டு வானொலி, கடிகாரம், நைலான் புடவை, வாசனைத் திரவியம் என எல்லாவற்றுக்கும் ஆசை இருந்தது, வழி இல்லை. மாலுமிகள் கொண்டுவந்ததும் கப்பல் பயணிகள் கொண்டுவந்ததும் எதிரே இருந்த துறைமுகத்திலிருந்து பஜாருக்கு நடந்து வந்தன. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வந்த ‘ரஜூலா’வையும் அதன்பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலையும் அறியாத முதியவர் வடசென்னையில் குறைவு. கப்பற்பயணி இரும்புப் பெட்டியும் மெத்தையும் கூடையுமாகப் போனவர். எடையை யாரும் பொன்னைப்போல் நிறுத்ததில்லை.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது. அத்தோடு அந்தக் கடற்பயணமும் முடிந்தது. அதன்பின் சிங்கப்பூருக்கு வானமே வழி. வானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு. ‘குருவி’ என்னும் தொழிற்சொல் ஊன்றியது இந்தக் கணக்கின்மேல்தான் என்பது எங்கள் கருத்து.

குருவி யார்? அவரிடம் கடவுச்சீட்டு இருக்கும், பணம் இருக்காது. வணிகர் ஒருவர் அவருக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தருவார். அதற்கு ஈடாக அந்தச் சீட்டோடு வரும் இருபது முப்பது கிலோ சுமையுரிமையும், திரும்பும்போது சுங்கத்தில் கிடைக்கும் தீர்வையில்லாச் சலுகையும் வணிகருடையவை. போகும்போது துணிமணி, மளிகை. வரும்போது மின்கருவிகள், அழகுப்பொருள்கள். மண்ணடியின் சிறு விடுதிகளில் இரவு தங்கி, விடியலில் மீனம்பாக்கம் போய், மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்பிவிடுவார். கூலி அற்பம். தானியத்தை அலகில் கவ்விக்கொண்டு போய்வரும் பறவையின் பெயரை அவருக்கு வைத்தவர் யாரென்று தெரியாது, கவிஞராகத்தான் இருக்கவேண்டும்.

இங்கேதான் நாம் தேடிவந்த செய்தி கிடைக்கிறது. குருவி தனக்கென்று எடுத்துச்செல்வது மிகக் குறைவு. ஒரு கைலி, ஒரு மாற்றுச் சட்டை, பல்துலக்கி. கனத்த சட்டையைப் பைக்குள் வைக்காமல் உடம்பில் போட்டுக்கொள்வார். அவர் தனக்காக எடுக்கும் ஒவ்வொரு கிலோவும் வணிகரின் சரக்கிலிருந்து கழியும் கிலோ. இன்றைய பயண ஆலோசகர்கள் விடுதலை என்று சொல்லித்தரும் அதே சிக்கனம், அவருக்குத் தன் சுமையுரிமையை விற்றுவிட்டதன் விளைவு. அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, பட்டை எழுத்தில் பெயர் எழுதும் நேர்த்தியை அந்நாளைய விமான நிலையத்தில் கண்டவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கட்டிய பெட்டியின்மேல் குருவியின் பெயர். உள்ளே இருந்ததோ இன்னொருவர் பொருள்.

அரசும் குறும்பயணியை ஐயத்தோடுதான் பார்த்தது. 1998-ஆம் ஆண்டின் சுமை விதிகளில், வெளிநாட்டில் மூன்று நாளுக்கு மேல் தங்கித் திரும்பியவருக்கு ஒரு சலுகை. மூன்று நாளோ அதற்குக் குறைவாகவோ தங்கியவருக்குத் தொடக்கத்தில் அதில் ஏறத்தாழப் பாதிதான். சட்டத்தின் மொழியில் ‘குருவி’ என்ற சொல் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள் எல்லையைப் படிக்கும்போது யாரை நினைத்து அதை எழுதினார்கள் என்பது விளங்குகிறது. 2016-இல் வந்த விதிகள் இந்த வேறுபாட்டை நீக்கி, பொதுவாக 50,000 ரூபாய் என்றன. நேபாளம், பூடான், மியான்மர் ஆகிய மூன்றிலிருந்து வருவோருக்கு மட்டும் 15,000 என்றிருந்தது. பர்மா நகர்க்காரர் ஒருவர் தாம் பிறந்த ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சிங்கப்பூர் போய்வந்த அண்டை வீட்டாரைவிடக் குறைவாகவே கொண்டுவர முடியும் என்பது அந்த விதியின் பொருளாக அப்போது இருந்தது.

குருவியை உண்மையில் கொன்றது எடையல்ல. உள்ளே என்ன என்று கேட்கக்கூடாத பெட்டி. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்கென்று பதிவான பெட்டிகள், உரியவர் ஏறாமல் போனதால் மீனம்பாக்கத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தபோது வெடித்தன. முப்பது பேருக்கு மேல் இறந்தனர். ஆளில்லாப் பெட்டி என்றால் என்ன என்பதைச் சென்னை அன்று அறிந்தது. ‘இந்தப் பையை நீங்களேதான் அடுக்கினீர்களா’ என்று பயணிகளைக் கேட்கும் வழக்கம் பின்னர் உலகெங்கும் பரவியது. நமக்கு அது சடங்குக் கேள்வி. குருவிக்கு அதில் நேர்மையான விடை ஒன்றே: இல்லை. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்ற சட்டம் 1975 முதல் இருக்கிறது. யாரோ தைத்துக் கொடுத்த பையின் அடித்தையலில் என்ன இருக்கிறதென்று அறியாமல் அந்த ஊரில் இறங்கிய இளைஞர்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. 2008-இல் ‘குருவி’, 2009-இல் ‘அயன்’ எனத் திரைப்படங்கள் வந்தன. அவற்றில் துரத்தல்கள் உண்டு. அந்தக் கேள்வியின் முன்னால் வாய் உலரும் கணம் அவற்றில் இல்லை என்பது எங்கள் குறை.

1991-க்குப் பிறகு இறக்குமதி தளர்ந்தது. பஜாரில் விற்றதெல்லாம் எந்தக் கடையிலும் கிடைக்கலாயிற்று. குருவிகள் குறைந்தன, தங்கத்துக்குத் தீர்வை ஏறும் காலங்களில் மட்டும் மீண்டும் கூடுகின்றன.

சடையங்குப்பத்தில் மூட்டை கட்டுவது நின்றுவிடவில்லை. பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலையின் வெள்ளம் இங்கேதான் முதலில் ஏறுகிறது. 2015-லும் 2021-லும் ஏறியது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த வீட்டு அம்மா, மழைக்காலம் தொடங்கினால் கதவருகே மாட்டிவைக்கும் பையைக் காட்டினார். குடும்ப அட்டை, நிலப்பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ், மாத்திரை, ஒரு புடவை. எல்லாம் பால் உறைக்குள் சுற்றியிருந்தன. “எங்க மாமியார் ரங்கூன்ல இருந்து வரும்போது இதைவிடக் கொஞ்சம் பெரிய பையாத்தான் கொண்டாந்தாங்களாம்” என்றார். பிறகு அதைத் தூக்கிப் பாருங்கள் என்று எங்களிடம் தந்தார். இரண்டு கிலோகூட இருக்காது.