தேசியக் குழந்தை அளவீட்டுத் திட்டம் (இங்கிலாந்து)

இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் குழந்தைகளின் உயரத்தையும் எடையையும் ஆண்டுதோறும் அளக்கும் பொதுச் சுகாதாரத் திட்டம். 2005–06 கல்வியாண்டில் தொடங்கியது. 2013 முதல் உள்ளாட்சி மன்றங்கள் நடத்துகின்றன.

நடைமுறை: ரிசப்ஷன் வகுப்பிலும் (வயது 4–5) ஆறாம் ஆண்டிலும் (வயது 10–11) அளவெடுக்கப்படுகிறது. பள்ளி நலக்குழுவினர் குழந்தையைத் தனியிடத்தில், காலணியைக் கழற்றச் சொல்லி, மெல்லிய உடையோடு எடைக் கருவியில் நிறுத்துகின்றனர். முடிவு குழந்தையிடமோ ஆசிரியரிடமோ சொல்லப்படுவதில்லை. முன்கூட்டியே தெரிவித்துப் பெற்றோர் விலகிக்கொள்ளலாம்.

கணிப்பு: உடல் நிறை குறியெண், அதே வயதும் பாலினமும் கொண்ட குழந்தைகளுக்கான 1990ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வளர்ச்சி அட்டவணையோடு ஒப்பிடப்படுகிறது. பெற்றோருக்கான கடிதத்தில் 91ஆம் சதமானத்தை எட்டினால் அதிக எடை; 98ஐ எட்டினால் மிக அதிக எடை. மக்கள்தொகைப் புள்ளிவிவரத்துக்கு வரம்புகள் 85, 95 ஆகும்.

கண்டறிந்தவை: ரிசப்ஷனில் ஐந்தில் ஒருவருக்கு மேலும், ஆறாம் ஆண்டில் மூவரில் ஒருவருக்கு மேலும் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளது. மிக வறிய பகுதிகளில் உடற்பருமன் விகிதம், வசதியான பகுதிகளைப்போல் இருமடங்குக்கும் அதிகம்.

விவாதம்: வீட்டுக்கு வரும் கடிதத்தைப் பத்திரிகைகள் ‘குண்டுக் கடிதம்’ எனக் கேலி செய்தன. குழந்தை வளர்ப்பில் அரசு மூக்கை நுழைப்பதாகவும், பிள்ளைகள் மனம் நோவதாகவும் பெற்றோர் சிலர் குறைகூறினர். அறியாத ஆபத்தை உரிய நேரத்தில் உணர்த்துவதாக ஆதரவாளர் வாதிட்டனர். அரசு எந்த அளவுக்குத் தலையிடலாம் என்ற கேள்வியில், உடற்பருமன் மட்டுமே குழந்தைப் பாதுகாப்புத் துறை தலையிடக் காரணமாகாது எனக் குழந்தைநல மருத்துவர் ரஸ்ஸல் வைனர் குழுவினர் 2010இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினர். உதவியைப் பெற்றோர் தொடர்ந்து புறக்கணித்தால் நிலைமை மாறக்கூடும் என்றனர்.